ஜெசிந்தாவிடம் நான் கேட்காமல் விட்டது

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். சாம்பிள் அறையில் நின்று, போன மாதம் அனுப்பிய காஸ் துணிப் பொட்டலங்களின் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் எங்கள் கைபேசிகள் வாசலில் உள்ள பெட்டியில் இருக்கும். அதனால் செய்தி நேராக என்னிடம் வரவில்லை. வாசலில் காவலுக்கு இருக்கும் அம்மா உள்ளே வந்து, வெளிச்செருப்போடு அப்படியே நின்றார். அந்த அறைக்குள் வெளிச்செருப்போடு யாரும் வரக் கூடாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"கோமதியம்மா, ஜெசிந்தா தவறிருச்சாம்" என்றார். "மதுரைக்குக் கொண்டு போயிருக்காக. கல்லுப்பட்டி தாண்டும்போதே உசுரு போயிருச்சாம்."

கையிலிருந்த பொட்டலத்தை அதன் இடத்தில் வைத்தேன். பதிவேட்டில் அதன் எண்ணுக்கு நேராகச் சரி என்று குறித்தேன். ஏன் அதைச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அழுகை வரவில்லை. அன்று காலை எங்கள் வேன் நின்ற தெருமுனைதான் கண்முன் வந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் ஜெசிந்தாவோடு அந்த வேனில் வந்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்கான காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் நாங்கள் இருவரும் இருந்தோம். நான் அந்தப் பிரிவின் பொறுப்பாளர். ஜெசிந்தா எனக்கு அடுத்த நிலையில் இருந்தாள். நாற்பத்து மூன்று வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்களை ஏற்றிவர ஒரு வேன் உண்டு. ஏழு நாற்பதுக்கு அது ஜெசிந்தாவின் தெருமுனையில் நிற்கும். அவள் எப்போதும் இரண்டு நிமிடம் தாமதமாக, ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் இன்னொரு கையில் சீப்புமாக வந்து ஏறுவாள்.

அன்று வரவில்லை. டிரைவர் மாரியப்பன் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நான் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மாரியப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். வண்டியில் மூத்தவள் நான்தான்.

"பையன் ஸ்கூல்ல ஏதோ மீட்டிங்னு சொன்னா. இன்னைக்கு வரமாட்டா. வண்டிய எடுங்க" என்றேன்.

அந்த மீட்டிங் மறுநாள் என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் ஹாரன் அடித்தபோது ஜெசிந்தா அடுப்படித் தரையில் கிடந்தாள். கணவர் அந்தோணி நூற்பு மில்லில் எலக்ட்ரீசியன். ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் காலை ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தான். மகள் ரெனிட்டா மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். குக்கர் அடங்காமல் விசிலடிப்பதைக் கேட்டு எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எப்போது கொண்டுபோயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாக அந்தோணி என்னிடம் சொன்னார். நான் அந்த டாக்டரைப் போய்ப் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது.

மாலையில் உடல் வீட்டுக்கு வந்தது. குளிப்பாட்டி, அவளுடைய மாம்பழ நிறப் பட்டைக் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். நான் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெனிட்டா என்னைத் தேடி வந்தாள். அவள் கையில் ஜெசிந்தா மை, பவுடர் வைத்துக்கொள்ளும் சிறிய ஜிப் பை இருந்தது. வேனில் அதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

"பெரியம்மா, அம்மாவுக்கு மை போட்டு விடுங்க. என்னால முடியல."

பக்கத்திலிருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "ஏட்டி, மூடுன கண்ணுக்கு மை எதுக்கு?" என்றாள்.

"அம்மா மை இல்லாம வெளிய போகாது" என்றாள் ரெனிட்டா. குரல் உயரவில்லை.

கைக்குழந்தைக்குத் தவிர, நான் வாழ்நாளில் இன்னொருவர் கண்ணுக்கு மை தீட்டியதில்லை. குனிந்து, மூடிய இமையின் ஓரமாக மெல்லக் கோடு இழுத்தேன். இமை குளிர்ந்திருந்தது. வலது கண்ணில் கோடு சற்று வளைந்துவிட்டது. துடைத்துச் சரிசெய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த வளைந்த கோட்டோடுதான் அவள் கோயிலுக்கும் பிறகு கல்லறைக்கும் போனாள்.

மகள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்ல, பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலை, தூசியும் கிருமியும் நுழையக் கூடாத க்ளீன் ரூமில். உள்ளே போகுமுன் கம்மல், வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மை, பவுடர், நகப்பூச்சு எதுவும் கூடாது. தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் தொப்பி, அதன்மேல் முகக்கவசம், கழுத்து முதல் முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு. கதவைத் தாண்டினால் நாற்பது பெண்களும் ஒரே ஆள்போல் இருப்போம். கண்ணை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஜெசிந்தா தினமும் கஞ்சி போட்ட காட்டன் சேலையும் அதற்கேற்ற வளையலுமாக வருவாள். வேன் வேகத்தடையில் ஏறி இறங்கும் இடைவெளிகளில் மை தீட்டுவாள். அவ்வளவையும் கம்பெனிக்குப் போனதும் கழற்றித் துடைத்துவிட வேண்டும் என்று தெரிந்தே தீட்டுவாள். "வேலைக்கு வாராளா, கல்யாணத்துக்கு வாராளா" என்று பின் சீட்டில் பேச்சு வரும். அவள் காதில் விழும். ஒருநாள் நானே கேட்டேன்.

"உள்ள போனா எல்லாருக்கும் ஒரே கோட்டு. யாருக்காக இம்புட்டு மெனக்கெடுத?"

"கோட்டுக்குள்ள இருக்குறது நான்தானக்கா. எனக்குத் தெரியும்ல" என்றாள்.

ரெனிட்டா இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளியில் ஆண்டு விழா வந்தது. பகல் ஒரு மணிக்கு அவளுடைய நடனம். அன்றைக்கென்று பார்த்து, சரக்கு வாங்குபவர்களின் ஆள் பரிசோதனைக்கு வந்திருந்தார். அரைநாள் லீவு கிடைக்கவில்லை. "சாப்பாட்டு நேரத்துல போயிட்டு ஓடியாந்துரு, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பினேன். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டாள். கூட்டத்தில் பின்னால், தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். மேடையில் பிள்ளை ஆடாமல் கூட்டத்திலேயே யாரையோ தேடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறாள்.

"நீ வரவே இல்ல" என்று அழுதிருக்கிறது பிள்ளை.

"வந்தேன்டி. தூணுக்குப் பக்கத்துலதான நின்னேன்."

"அங்க யாரோ ஒரு ஆன்ட்டிதான் நின்னாங்க."

தொப்பி அமுக்கிய தலை, முகக்கவசம் பதிந்த கன்னம், கம்மல் இல்லாத காது. பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. மறுநாள் வேனில் இதை ஜெசிந்தா எல்லோரிடமும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் மாலையில் அந்தப் பத்து நிமிடம் தொடங்கியது. வேலை முடிந்து எல்லோரும் வேனில் ஏறி உட்கார்ந்திருப்போம். ஜெசிந்தா மட்டும் உடைமாற்றும் அறையில், காலையில் கழற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருப்பாள். "வீட்டுல உலை வைக்கணும். இவ மை தீட்டுத வரைக்கும் நாம உக்காந்திருக்கணுமா?" என்று ஒருநாள் சண்டையே வந்தது. ஏறி உட்கார்ந்தவள் நிதானமாகச் சொன்னாள்: "காலையில எந்த அம்மாவ பிள்ளைக அனுப்பி வச்சாகளோ, அதே அம்மாதான் திரும்பிப் போகணும். பத்து நிமிஷம் பொறுத்துக்கோங்க." அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. சிலர் தாங்களும் இறங்கிப்போய்த் தலை வாரிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

அலங்காரம் செய்கிறவளுக்கு வேலையில் கவனம் இருக்காது என்று நினைத்தவர்கள் எங்கள் கம்பெனியில் இருந்தார்கள். ஒரு முறை லாரியில் ஏறத் தயாராக இருந்த சரக்கை அவள் நிறுத்தினாள். கிருமி நீக்கிய பொட்டலங்களில், ஒரு பெட்டியில் மட்டும், ஓரம் ஒட்டிய இடத்தில் நகக்கண் அளவு விலகியிருந்தது. விளக்குக்கு நேரே பிடித்தால்தான் தெரியும். ஒரு பெட்டிக்காக மொத்தச் சரக்கையும் நிறுத்துவதா என்று உற்பத்திப் பிரிவிலிருந்து வந்து சத்தம் போட்டார்கள். அவள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது யாரோ ஒருத்தர் புண்ணு மேல போயி உக்காரப்போகுது. அவுக வந்து நம்மகிட்டக் கேக்கமாட்டாக. நாமதான் பாக்கணும்" என்றாள். திரும்பப் பிரித்துப் பார்த்தபோது இன்னும் நான்கு பெட்டிகளில் அதே குறை இருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மகனுக்கு ஏழு மாதம். சேர்ந்த முதல் வாரமே சேலையின் முன்பக்கத்தைப் பையால் மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பால் கட்டிக்கொண்டு வலி தாங்கவில்லை என்றாள். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை எங்கள் பிரிவில் சாம்பிள் அறை ஒன்றுதான். மூன்று மாதம், தினமும் பதினொன்றரைக்குப் பாலைப் பீய்ச்சிவிட அவள் உள்ளே போவாள், நான் கதவுக்கு வெளியே பதிவேட்டோடு நிற்பேன். ஒருநாள் மேனேஜர், வெளியூர் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நேராக அந்தக் கதவுக்கே வந்துவிட்டார். "உள்ள ஒரு டெஸ்ட் நடக்குது சார், பத்து நிமிஷம் தொறக்கக் கூடாது" என்றேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கதவைத் திறந்ததும் அவள் கேட்டாள்: "டெஸ்ட் ரிசல்ட் என்னன்னு கேட்டா என்னக்கா சொல்வீக?" அன்று இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். இப்போது அந்த அறைக்குள் போனால் கதவை முழுக்கச் சாத்த முடியவில்லை. வெளியே யாரோ எனக்காகக் காவல் நிற்பது போலவும், நான் திறக்கத் தாமதமாக்குவது போலவும் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னது, நாங்கள் எப்படி இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இனிச் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மகனுக்கு மூன்று வயதானபோது, எங்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனிக் கம்பெனி ஒன்று, தங்கள் ஆலைக்கு வந்து மூன்று வாரம் இருந்து பரிசோதனை முறைகளைக் கற்றுப்போக ஒருவரை அனுப்பும்படி கேட்டது. போய் வருகிறவர்தான் அடுத்துப் பிரிவின் பொறுப்பாளர் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஜெசிந்தாவ அனுப்பலாம்னு நெனைக்கிறேன். இங்கிலீஷும் நல்லா பேசுது. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "சின்னப் பையன் சார். மூணு வயசுதான் ஆகுது. அவளால போக முடியாது."

அவர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அப்ப நீங்க?"

"போறேன் சார்" என்றேன்.

என் மகனுக்கு ஐந்து வயதில் ஒருமுறை காய்ச்சலில் வலிப்பு வந்தது. அன்று நான் இரண்டாவது ஷிப்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டான். நல்ல உயரமாக வளர்ந்து வேலைக்கும் போகிறான். ஆனால் அன்று வீட்டில் நான் இல்லை என்பது எனக்குள் அப்படியே கிடந்தது. அந்த வேதனை ஜெசிந்தாவுக்கு வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யும் இல்லை. ஆனால் "அப்ப நீங்க?" என்று அவர் கேட்டபோது என் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியதே, அதுவும் பொய்யில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு ஜெசிந்தா என் வீட்டுக்கு வந்தாள். தன் சித்தி மகளிடம் கேட்டு வாங்கிய கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். நான் எடுத்து வைத்திருந்த சேலைகளில் பாதியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டாள்.

"சேலைக்கு மேல இந்தக் கோட்டப் போட்டா நடக்க வராதுக்கா. சுடிதார் எடுத்துக்கோங்க. இந்த நீலம் உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

பெட்டி முழுவதையும் அவளே அடுக்கினாள். மாத்திரைகளைத் தனியாக ஒரு பையில் போட்டு, எதற்கு எது என்று தாளில் எழுதி வைத்தாள். போகும்போது, "போற எடத்துல எல்லாத்தையும் நல்லா பாத்துட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லணும்" என்றாள்.

திரும்பி வந்து ஒரு வாரம் வேனில் அவளுக்குச் சொன்னேன். மற்றவர்கள் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டார்கள். அவள் கேட்டது வேறு. "அங்க உள்ள அம்மாமாரு எத்தன மணிக்கு வீட்டுக்குப் போறாக? பிள்ளைகள யாரு பாத்துக்கிறா? வேலைக்கு வரும்போது கம்மல் போட்டு வாராகளா?" அவற்றில் பலவற்றை நான் கவனித்திருக்கவே இல்லை. அவளிடம் ஏதேதோ சொல்லி ஒப்பேற்றினேன்.

அடுத்த வருடம் நான் பொறுப்பாளர் ஆனேன். ஜெசிந்தா எனக்குக் கீழே வேலை பார்த்தாள். பிறகு வெளிநாடு போகும் வழக்கம் நின்றுபோனது. எல்லாம் கம்ப்யூட்டர் திரையிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அவளுக்கு வேறு வாய்ப்பு வரவில்லை.

போன வருடம் எங்கள் பிரிவுப் பெண்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புக்குப் போனோம். காட்டு இலாகா செக்போஸ்டில் பைகளைப் பார்த்து, பிளாஸ்டிக்கையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பிள்ளைகள் அதில் கிடந்தார்கள். நாங்கள் இருவரும் ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தோம். ரெனிட்டாவுக்கு அப்போதுதான் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் விட அந்தோணிக்கு மனமில்லை, இங்கேயே படிக்கட்டும் என்று பேச்சு.

"நான் அவகிட்டயே கேட்டேன்க்கா" என்றாள் ஜெசிந்தா. "நீ என்ன நெனைக்கன்னு. அம்மா, எனக்கே பயமாத்தான் இருக்கு, ஆனா போறேன்னு சொன்னா. சரின்னுட்டேன்."

பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "ஜெர்மனிக்கு நான் போகமாட்டேன்னு நீங்கதான் சொன்னீகன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டேன். "எப்பத் தெரியும்?" என்றேன்.

"அப்பவே. ஆபீஸ்ல இருந்த பிள்ள அன்னைக்கே சொல்லிட்டா. உங்க பெட்டி அடுக்குறதுக்கு முன்னாடியே தெரியும்."

வெட்கம் வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. "மூணு வயசுப் பிள்ளைய விட்டுட்டு எப்பிடிப் போயிருப்ப? உன் நல்லதுக்குத்தான சொன்னேன்" என்றேன்.

"நல்லதுக்குத்தான் சொன்னீக. அதனாலதான் இத்தன வருசம் பேசல" என்றாள். "ஆனா என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா."

"கேட்டிருந்தா போயிருப்பியா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "தெரியலையே" என்றாள். "வேண்டாம்னுகூடச் சொல்லியிருப்பேன். ஆனா அது நான் சொன்னதா இருந்திருக்கும். இப்ப நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாமப் போச்சு."

ஓடையில் ஏதோ ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து அழுதது. அவள் எழுந்து ஓடினாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று மாலை கேட்கலாம் என்று நினைத்தேன், பிறகு மறுநாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு அவள் வேனில் ஏறி, வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, கண்ணாடியக் கொஞ்சம் புடிங்க" என்று கையில் கொடுத்தாள். நான் பிடித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. மாரியப்பன் இன்றைக்கும் அந்தத் தெருமுனையில் வண்டியை மெதுவாக்குகிறார். அவரை அறியாமல்தான் செய்கிறார் என்று நினைக்கிறேன். ஹாரன் அடிப்பதில்லை. என் கண் மட்டும் அந்தத் தெருவுக்குள் போய் அவள் வீட்டு வாசல்வரை பார்த்துவிட்டுத் திரும்புகிறது. வீட்டில் நான் குக்கர் வைப்பதை விட்டுவிட்டேன். சோற்றை வடித்துவிடுகிறேன். க்ளீன் ரூமில் வெள்ளைக் கோட்டும் முகக்கவசமுமாக யாராவது அவள் உயரத்தில் முதுகு காட்டி நின்றால், வேலையை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் நடக்கிறேன். திரும்பிப் பார்ப்பார்கள். வேறு கண்கள். "என்னக்கா?" என்பார்கள். "ஒண்ணுமில்ல" என்று வந்துவிடுவேன். இது எத்தனை முறை நடந்தது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

போன வாரம் புதிய மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூரில் பத்து நாள் பயிற்சி. எங்கள் பிரிவில் முத்துலட்சுமி என்று ஒரு பெண் இருக்கிறாள். சோழபுரத்துக்காரி. இருபத்தேழு வயது, சுறுசுறுப்பானவள். அவளை அனுப்பலாமா என்று கேட்டார். அவளுக்கு ஒன்றரை வயதில் பெண்குழந்தை. "கைக்குழந்தை இருக்கு சார்" என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். முதல் எழுத்து வெளியே வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "அவகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்" என்றேன்.

முத்துலட்சுமியிடம் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. ஒருநாள் டைம் வேண்டும் என்றாள். மறுநாள் காலையில் நான் கையெழுத்துப் போடும் இடத்துக்கே வந்து நின்றாள்.

"அக்கா, எங்க அம்மாவையும் பிள்ளையையும் கூடக் கூட்டிட்டுப் போலாமா? அங்க எங்க சித்தப்பா வீடு இருக்கு. பகல்ல அம்மா பாத்துக்கிடும். சாயங்காலம் நான் போயிருவேன்."

"போலாம்" என்றேன். அவள் போன பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஜெர்மனிக்குப் போவாள், போகமாட்டாள் என்று இரண்டு பதில்கள்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தன. மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்று தோன்றவே இல்லை. ஜெசிந்தா என்னைவிட யோசிக்கத் தெரிந்தவள். ஒரே ஒரு நாள் அவளுக்குக் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் யோசித்திருப்பாள்?

அவளுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கம்பளிக் கோட்டை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது ஒரு தடை. இன்னொருத்தியைப் பற்றி ஒரு முடிவைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தொண்டையில் வந்து நிற்கிறது. வந்து நிற்கும்போது அவளும் அறையில் எங்கோ இருக்கிறாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.